நொறுங்கிய விமானத்தை இனங்காண்பது எப்படி?

ஓசூரில் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்யும் தொழிற்சாலைகள் இருப்பதை அறிவீர்கள். அங்கிருந்து வெளிவரும் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று சேசிஸ் எண். மற்றது எஞ்சின் எண். இரண்டும் உலோகத்திலேயே பொறிக்கப்பட்டவை. வண்டி விற்பனையான பின் மூன்றாவதாக ஓர் எண் வருகிறது. அதுதான் நாம் அன்றாடம் பார்க்கும் பதிவு எண். ஓசூர் வண்டியானால் டி.என். 70 என்று தொடங்கும். ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி வரும் கர்நாடக வண்டியானால் கே.ஏ. என்று தொடங்கும்.

ஒரு வண்டி விபத்தில் எரிந்து, எண் பலகை உருகிப் போய்விட்டது என வைத்துக்கொள்வோம். அது யாருடைய வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போலீசார் சேசிஸ் எண்ணைத் தேடுவார்கள். அதுவும் அழிந்திருந்தால் எஞ்சின் எண்ணைப் பார்ப்பார்கள். ஆனால் எஞ்சினை மாற்றியிருக்கலாம் அல்லவா? எனவே எஞ்சின் எண் கிடைத்ததும் ஆவணங்களைப் புரட்டி, அந்த எஞ்சின் கடைசியாக எந்த வண்டியில் இருந்தது என்று பார்த்தாக வேண்டும்.

பல பத்தாண்டுகளுக்கு முன் மலைக்காட்டில் விழுந்து நொறுங்கிய போர் விமானத்தை இனங்காண்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். வேறுபாடு ஒன்று உண்டு. வண்டியின் சொந்தக்காரரைத் தேடுவதோடு இந்த வேலை முடிவதில்லை. அந்த விமானத்தில் இருந்தவர்கள் யார், அவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் ஏதோ ஓர் ஊரில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.

லிபரேட்டரும் பெங்களூரும்

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் விமானம் பி-24 லிபரேட்டர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா செய்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். 18,000-க்கு மேல் தயாரிக்கப்பட்டது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 110 அடி. ஒவ்வோர் எஞ்சினிலும் 14 சிலிண்டர்கள் வட்டமாக இரண்டு வரிசையில் அமைந்திருக்கும். 1,200 குதிரைத்திறன் தரும். மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு நிறுவனம் நடத்திய வில்லோ ரன் தொழிற்சாலையில் உற்பத்தி உச்சத்தில் இருந்தபோது மணிக்கு ஒரு விமானம் வீதம் வெளிவந்தது என்றால் அந்த வேகத்தை எண்ணிப் பாருங்கள்.

இந்த விமானத்துக்கும் நம் பகுதிக்கும் உறவு உண்டு. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் பெங்களூரில் இருக்கிறது எச்.ஏ.எல். என நாம் அழைக்கும் விமானத் தொழிற்சாலை. 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு இதைத் தொடங்கினார். போர் நெருங்கி வந்ததும் 1943-இல் இது அமெரிக்க விமானப்படையின் 84-ஆவது பழுதுபார்ப்புக் கிடங்காக மாறியது. இந்தியாவிலும் பர்மாவிலும் சீனாவிலும் பறந்து களைத்துப் போன விமானங்கள் இங்கே வந்து எஞ்சின் பிரித்துச் சீர்செய்யப்பட்டன. லிபரேட்டரும் அவற்றுள் ஒன்று.

போர் முடிந்தது. இந்தியாவில் இருந்த லிபரேட்டர்கள் பல கான்பூரில் குவித்து வைக்கப்பட்டன. மீண்டும் பறக்கக் கூடாது என்பதற்காக அவற்றை வேண்டுமென்றே சேதப்படுத்தியும் வைத்தார்கள். ஆனால் விடுதலை பெற்ற இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானமே இல்லை. எச்.ஏ.எல். தொழிலாளர்கள் கான்பூருக்குப் போய், ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்ற விமானி அவற்றை ஒவ்வொன்றாக ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு பெங்களூரில் இறக்கினார். துணிச்சலான வேலை, இன்று எந்த அதிகாரியும் அனுமதி தரமாட்டார். 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆவது ஸ்குவாட்ரன் இந்த விமானங்களைப் பெற்றது. 1968 வரை அவை நம் வானில் பறந்தன. இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்களில் பல, இப்படி பெங்களூரில் மறுபிறவி எடுத்தவையே.

இது நம் ஆராய்ச்சிக்கு எப்படி உதவுகிறது? நொறுங்கிய விமானத்தின் ஒரு துண்டு கையில் கிடைத்தால், அது இறக்கையின் துண்டா, வாலின் துண்டா என்று முழு விமானத்தோடு ஒப்பிட்டுத்தானே சொல்ல முடியும்? ஒப்பிடுவதற்கு முழு விமானங்கள் மிச்சமிருப்பதற்கு நம் அண்டை ஊர்த் தொழிலாளர்களும் ஒரு காரணம்.

பெங்களூர் வந்து சேர்ந்தவை பிழைத்தன. மலையிலேயே தங்கிவிட்டவற்றுள் ஒன்றின் வரலாற்றை இனிக் காண்போம்.

1944 ஜனவரி 25

1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குச் செல்லும் தரைவழி அடைபட்டது. ஆகவே அசாமிலிருந்து இமயமலையின் கிழக்குக் கோடியைத் தாண்டிச் சீனாவின் குன்மிங் நகருக்கு விமானத்திலேயே சரக்குகளைக் கொண்டுசென்றார்கள். விமானிகள் இந்த வழிக்கு ‘ஹம்ப்’, அதாவது திமில், எனப் பெயரிட்டார்கள். போர் முடிவதற்குள் ஆறு லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு சென்றது. ஏறத்தாழ 600 விமானங்கள் அழிந்தன.

அவற்றுள் ஒன்று 42-73308 என்ற எண்ணுடைய லிபரேட்டர். அமெரிக்காவின் 308-ஆவது குண்டுவீச்சுப் பிரிவைச் சேர்ந்தது. விமானத்தின் மூக்கில் செல்லப்பெயர் எழுதுவது அந்நாள் வழக்கம். இதற்கு ‘ஹாட் ஆஸ் ஹெல்’ என்று பெயர். ‘நரகம்போல் வெப்பம்’ என்று பொருள். 1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவா விமானத்தளத்துக்கு எட்டுப் பேருடன் புறப்பட்டது. சபுவாவை அடையவே இல்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை. எட்டுப் பேரும் இறந்தவர்களாக அறிவிக்கப்பட்டனர்.

இவ்வளவு பெரிய விமானம் எப்படிக் காணாமற்போகும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குன்மிங்குக்கும் சபுவாவுக்கும் நேர்தூரம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். லிபரேட்டரின் சாதாரண வேகம் மணிக்கு 350 கிலோமீட்டர் என்று கொள்வோம். காற்றே இல்லையென்றால் 2 மணி 17 நிமிடத்தில் போய்விடலாம். எதிர்க்காற்று மணிக்கு 70 கிலோமீட்டர் வீசினால் தரையின்மீது உண்மையான வேகம் 280 கிலோமீட்டர்தான். 2 மணி 51 நிமிடம் ஆகும். வழிகாட்டும் அலுவலருக்கு எதிர்க்காற்றின் அளவு தெரியாவிட்டால், 2 மணி 17 நிமிடம் முடிந்ததும் கீழே சமவெளி என்று நினைப்பார். உண்மையில் இன்னும் 160 கிலோமீட்டர் பின்னாலேயே இருப்பார். கீழே மேகம், மேகத்துக்குள்ளே மலை.

பக்கக் காற்று இதைவிடப் பொல்லாதது. மணிக்கு 40 கிலோமீட்டர் பக்கக் காற்று இரண்டரை மணி நேரம் தள்ளினால் விமானம் வழியைவிட்டு 100 கிலோமீட்டர் விலகிவிடும். விமானத்தின் மூக்கு சரியான திசையையே காட்டிக்கொண்டிருக்கும்! இன்று செயற்கைக்கோள்கள் இடத்தைக் காட்டிவிடுகின்றன. அன்று இருந்தவை திசைகாட்டி, கடிகாரம், சில வானொலிக் குறிகள் மட்டுமே.

‘ஹாட் ஆஸ் ஹெல்’ கடைசியில் கிடைத்த இடம் அருணாசலப் பிரதேசத்தில் தம்ரோ என்னும் ஊருக்கு அருகில் உள்ள மலைச்சரிவு. சபுவாவுக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நாம் போட்ட கணக்கின் அளவும் அதுவே. இது கணக்குதானே தவிர விபத்தின் காரணத்துக்குத் தீர்ப்பு அல்ல. ஆனால் தேடியவர்கள் எவ்வளவு பரந்த நிலப்பரப்பில் தேட வேண்டியிருந்தது என்பதை இது காட்டும்.

வேட்டைக்காரர்களின் நினைவு

விமானத்தை 2006-இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர். அரிசோனாவைச் சேர்ந்தவர், விமானப்படை அதிகாரி அல்லர். மலையேறும் பழக்கம் உடையவர். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட சிதைவுகளை இமயப் பகுதியிலும் பர்மாவிலும் தேடி அடைந்தவர். ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவது வழக்கம். ஆனால் அந்தக் காட்டுக்குள் அவரை அழைத்துச் சென்றவர்கள் அந்த மலையில் வாழும் மக்களே. காட்டில் எது எங்கே கிடக்கிறது என்பது வேட்டைக்குப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் யாரும் போய்க் கேட்காமல் இருந்ததுதான் குறை.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. “நான்கு எஞ்சின் விமானத்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்டால், விருந்தினர் மனம் கோணக் கூடாதென்று “ஆமாம்” என்று சொல்லிவிடுவார்கள். “என்ன பார்த்தீர்கள்? கையை விரித்துக் காட்டுங்கள்” என்று கேட்க வேண்டும். விடையைக் கேள்விக்குள் வைக்கக் கூடாது. எந்த ஆண்டு என்று கேட்டாலும் பயனில்லை. வேறொரு பெரிய நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேட்க வேண்டும். அருணாசலத்திலும் அசாமிலும் முதியவர்கள் எவரும் மறக்காத நாள் 1950 ஆகஸ்ட் 15. அன்றைய பூகம்பத்தின் அளவு 8.6. மலைகள் சரிந்தன, ஆறுகள் வழி மாறின. “விமானம் விழுந்தது பூகம்பத்துக்கு முன்பா, பின்பா?” என்பது எவருக்கும் விடை தெரிந்த கேள்வி.

துண்டுகள் சொல்வது

சிதைவு கிடைத்துவிட்டது. அது எந்த விமானம்?

அலுமினியக் கலவை இரும்பைப்போல் துருப்பிடித்து உதிர்ந்துவிடாது. அதனால் உடற்பகுதித் தகடுகள் அறுபது எழுபது ஆண்டுகள் கழித்தும் பளபளக்கும். சில இடங்களில் வண்ணம்கூட மிஞ்சியிருக்கும். மலைமக்கள் எடுத்துப் பாத்திரமும் கத்திப்பிடியும் செய்துகொண்டது போக மீதிதான் கிடைக்கும் என்பது வேறு.

முதலில் பாகங்களின் எண்களைப் பார்ப்பார்கள். லிபரேட்டரை வடிவமைத்த கன்சாலிடேட்டட் நிறுவனம் அதற்குத் தந்த மாடல் எண் 32. ஆகவே அதன் பாகங்கள் பலவற்றில் பொறித்த எண் 32 என்றே தொடங்கும். ஒரு சிறு தகட்டில் 32 என்ற தொடக்கத்தைக் கண்டால் இது லிபரேட்டர் குடும்பம் என்று ஊகிக்கலாம். ஆனால் எந்த லிபரேட்டர்? 18,000-க்கு மேல் இருக்கின்றனவே!

அதற்கு வால் வேண்டும். 42-73308 என்ற எண்ணில் 42 என்பது 1942-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வாங்க ஆணையிடப்பட்டதைக் குறிக்கும். வாலில் எழுதும்போது முதல் இலக்கத்தை விட்டுவிடுவார்கள். எனவே 273308 என்று பெரிய எழுத்தில் இருக்கும். வால் துண்டில் ‘3308’ என்று பாதி மட்டும் கிடைத்தாலும் போதும். தேட வேண்டிய பட்டியல் மிகச் சிறியதாகிவிடும்.

வாலும் கிடைக்கவில்லையென்றால் எஞ்சின் எண். இங்கேதான் நம் ஓசூர் லாரிக் கதை திரும்ப வருகிறது. ஒரு விமானத்துக்கு நான்கு எஞ்சின்கள். அவற்றைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார்கள். பெங்களூர்க் கிடங்கின் வேலையே அதுதான். ஆகவே காணாமற்போன நாளில் எந்த எஞ்சின் எந்த விமானத்தில் இருந்தது என்ற குறிப்பு தேவை. அமெரிக்க விமானப்படை 1943 முதல் இதற்கென ஓர் அறிக்கைப் படிவம் வைத்திருந்தது. விமானம் வராவிட்டால் அதன் எண், நான்கு எஞ்சின்களின் எண்கள், துப்பாக்கிகளின் எண்கள்கூட, பயணம் செய்தவர்களின் பெயர்கள், வானிலை, கடைசியாகத் தெரிந்த இடம் அனைத்தையும் நிரப்ப வேண்டும். யாரோ ஓர் எழுத்தர் சலிப்போடு தட்டச்சு செய்திருப்பார். எழுபது ஆண்டுகள் கழித்து மலையில் கிடைக்கும் ஒரு துப்பாக்கியின் எண் அந்தத் தாளோடு பொருந்தினால், எட்டுப் பெயர்களும் உடனே கைக்கு வந்துவிடும்.

எஞ்சினோடு சுழலிகளையும் பார்ப்பது உண்டு. சுழலியின் இதழ்கள் எல்லாம் ஒரே மாதிரி முறுக்கி வளைந்திருந்தால், மோதும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது எனலாம். ஓர் இதழ் மட்டும் வளைந்து மற்றவை நேராக இருந்தால் அந்த எஞ்சின் முன்னமே நின்றிருக்கக்கூடும்.

தாள்களை நம்பலாமா?

நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஊர்ப் பெயர்களை அயல்நாட்டார் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். நேரமும் தொல்லை தரும். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். கிரீன்விச் நேரத்துக்கு ஆறரை மணி முன்னால். ஓர் ஆவணம் கிரீன்விச் நேரத்திலும் மற்றொன்று இந்திய நேரத்திலும் இருந்தால், நள்ளிரவையொட்டி நடந்த விபத்து இரண்டு தேதிகளில் பதிவாகிவிடும். இதை அறியாதவர் இரண்டு விபத்துகள் நடந்தன என்று எழுதிவிடுவார்.

உண்மையிலேயே இரண்டு விமானங்கள் ஒரே நாளில், ஒரே இடத்தில் விழுந்ததும் உண்டு. 1945 ஜூலை 26 அன்று ஒடிசாவில் அமர்தா ரோடு விமானத்தளத்திலிருந்து பயிற்சிக்குச் சென்ற பிரிட்டிஷ் விமானப்படை லிபரேட்டர்கள் இரண்டு தாழ்வாகப் பறக்கையில் ஒன்றோடொன்று மோதின. 14 பேர் இறந்தனர். ஒரே வகை விமானத்தின் துண்டுகள் கலந்து கிடந்தால் எது எதனுடையது என்று பிரிப்பதற்கு எண்களைத் தவிர வேறு வழி ஏது?

சல்லடையும் மைட்டோகாண்ட்ரியாவும்

தம்ரோ மலைக்குத் திரும்புவோம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில், காணாமற்போன வீரர்களைத் தேடுவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதன் குழு 2015-இல் அங்கே அகழாய்வு செய்தது. தரையைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு சதுரத்து மண்ணையும் கால் அங்குலக் கண்ணுடைய சல்லடையில் சலிப்பார்கள். பித்தான், பட்டைக் கொக்கி, எலும்புத் துணுக்கு ஆகியவை தங்கும். எந்தச் சதுரத்தில் எது கிடைத்தது என்று எழுதிவைக்காவிட்டால் கிடைத்தும் பயனில்லை. விமானத்தின் முன்பகுதியில் இருந்தவர் யார், பின்பகுதியில் இருந்தவர் யார் என்பதை அந்த இடக்குறிப்பே காட்டும்.

கிடைத்த எச்சங்கள் 2016 ஏப்ரலில் டில்லியிலிருந்து மரியாதையுடன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. அங்கே டி.என்.ஏ. சோதனை நடந்தது. நம் உடற்செல்கள் பெரும்பாலானவற்றில் உட்கருவில் டி.என்.ஏ. இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள்தான். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களிலும் சிறிதளவு டி.என்.ஏ. உண்டு. செல்லுக்கு நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான படிகள். எழுபது ஆண்டு மழையில் நனைந்த எலும்பில் உட்கருவினுடையது சிதைந்து போயிருந்தாலும் இதில் சில படிகளாவது தப்பியிருக்கும்.

இதில் ஒரு விநோதம் உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. ஆகவே இறந்த வீரரின் சொந்த மகன் வந்து இரத்தம் கொடுத்தாலும் இந்தச் சோதனைக்குப் பயன்படாது! வீரரின் அக்காள் மகளோ தங்கை மகனோ கொடுத்தால் பயன்படும். ஏன் என்பதை ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து நீங்களே கண்டுகொள்ளலாம்.

இந்தச் சோதனைக்கு ஒரு குறையும் உண்டு. தொடர்பே இல்லாத இருவருக்கும் ஒரே வகை மைட்டோகாண்ட்ரியா இருக்கக்கூடும். உலகத்து மக்கள் எல்லாரிலும் ஒருவரைத் தேடினால் இது போதாது. ஆனால் நாம் தேடுவது எட்டுப் பேரில் ஒருவரை. அந்த எட்டுப் பேரின் பட்டியலைத் தந்தது விமானத்தின் எண். எண் இல்லையென்றால் ஆய்வுக்கூடத்தின் விடை அந்தரத்தில் நின்றிருக்கும்.

இந்தச் சோதனையாலும் மற்றச் சான்றுகளாலும் முதல் லெப்டினன்ட் ராபர்ட் யூஜின் ஆக்ஸ்ஃபோர்டு இனங்காணப்பட்டார். ஜார்ஜியா மாநிலத்தில் கான்கார்டு என்ற சிற்றூர்க்காரர். மறையும்போது வயது 24. 2017 ஜூனில், 73 ஆண்டுகள் கழித்து, சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். காணாமற்போனோரின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சுவர்களை அமெரிக்கர் பல நாடுகளில் வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள ஒருவர் கிடைத்துவிட்டால் பெயரை அழிப்பதில்லை; பக்கத்தில் சிறு பூ வடிவக் குறி ஒன்றைப் பதிக்கிறார்கள். அவர் பெயருக்கும் அந்தக் குறி உரியது. இந்தியாவில் மறைந்த அமெரிக்க வீரர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு அந்தக் குறி இன்னும் பதிக்கப்படவில்லை.

பரங்கிமலையில் ஒரு பாடம்

இமயமலைக்குப் போக முடியாதவர்கள் சென்னைக்குப் போகும்போது ஒன்று செய்யலாம். 1944-இல் பரங்கிமலையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 200-ஆவது ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு தங்கி வங்கக்கடலில் ரோந்து சுற்றியது. அதற்கு அருகே நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் அதைப் பராமரிக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி, பெரும்பாலும் வயதும் இருக்கும். விமானப்படையினர் கல்லில் விமானி, வழிகாட்டி, துப்பாக்கிக்காரர் என்ற பணியும் சில சமயம் இருக்கும்.

இவற்றை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேதி வாரியாக அடுக்குங்கள். நோயில் இறந்தவர்களின் தேதிகள் சிதறிக் கிடக்கும். விமானப்படையினர் நான்கைந்து பேருக்கு ஒரே தேதி வந்தால், அவர்களில் ஒருவர் விமானி, ஒருவர் வழிகாட்டி, ஒருவர் வானொலி இயக்குநர் என்று பணிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தினால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அநேகமாக ஒரே விமானத்தின் குழு. அடுத்து அந்த ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பில் அந்தத் தேதியைத் தேட வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையில் இந்த நாட்குறிப்புக்கு 540-ஆம் எண் படிவம் என்று பெயர். விபத்துக்கென்று தனியாக 1180-ஆம் எண் அட்டை உண்டு.

எங்கேனும் பழைய விமானத் துண்டு ஒன்றை நேரில் காண நேர்ந்தால் எடுத்து வராதீர்கள். குண்டு வெடிக்காமல் கிடக்கலாம். போலீசாருக்குத் தெரிவிப்பதே முறை. தொலைவில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். இடத்தையும் நாளையும் எழுதிக்கொள்ளுங்கள். எண் ஏதேனும் கண்ணில் பட்டால் அதையும் ஓர் இலக்கம்கூட விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.